ஒன்பது ஆண்டு சும்மா கிடந்த நிரல்: நைட் கேபிட்டல் வழக்கில் தொழில்நுட்பக் கடன்

அமெரிக்கப் பங்குச் சந்தையில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற தரகு நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. "ஒரு சர்வரில் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள், கம்பெனியே போய்விட்டது" என்று இதை ஒரே வரியில் சொல்லி முடிப்பது மென்பொருள் துறையில் வழக்கம். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. மறதி நடந்தது 2012 ஜூலைக் கடைசியில். அது இவ்வளவு பெரிய இழப்பாக மாறுவதற்கான வேலைகள் 2003-இலும் 2005-இலுமே முடிந்துவிட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

இப்போதைய வசதிக்காக நிரலில் விட்டுவைப்பவை பின்னால் செலவாகத் திரும்பி வருவதைத் தொழில்நுட்பக் கடன் என்பார்கள். அதைப் புரிந்துகொள்ள நான் இந்த வழக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அந்த அமைதிதான். கடன் என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வட்டி கட்டுவது என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். சின்ன மாற்றத்துக்குக்கூட மூன்று நாள் ஆகிறது, புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைகிறது என்பவை எல்லாம் வட்டியின் அடையாளங்கள். நைட் கேபிட்டலில் இருந்த கடன் அப்படி எதையும் கேட்கவில்லை. அதனாலேயே அது பட்டியலில் ஏறவும் இல்லை.

கீழே வரும் விவரங்களுக்கு முக்கிய ஆதாரம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி. 2013 அக்டோபர் 16 அன்று வெளியிட்ட ஆணை. நிரலுக்குள் நடந்ததை ஆண்டு வாரியாகச் சொல்லும் அரசு ஆவணங்கள் அபூர்வம். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது அதை முழுதாகப் படிக்க வேண்டும்.

நிறுவனமும் அதன் வேலையும்

நைட் கேபிட்டல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இருந்தது. 2011, 2012 ஆண்டுகளில் அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட பங்குகளில் நடந்த மொத்த வணிகத்தில் சுமார் 10 சதவீதம் இந்த ஒரு நிறுவனத்துடையது. இத்தனை பெரிய இடத்தில் நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாடகை அறையில் நாலு பேர் நடத்திய கடை இல்லை இது.

அங்கே ஸ்மார்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. ஆர்டர்களை அதிவேகமாகச் சந்தைகளுக்கு அனுப்பும் ரவுட்டர். உள்ளே ஒரு மூல ஆர்டர் வரும்; ஸ்மார்ஸ் அதைச் சிறு ஆர்டர்களாகப் பிரித்து, எந்தச் சந்தையில் எவ்வளவு கிடைக்கிறதோ அங்கே அனுப்பும். மூல ஆர்டரில் கேட்ட அளவு நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். எட்டு சர்வர்களில் இது ஓடியது. இனி வரப்போகிற எல்லாமே அந்த "நிறுத்திவிட வேண்டும்" என்ற இடத்தில்தான் இருக்கிறது.

2003, 2005, 2012

ஸ்மார்ஸுக்குள் பவர் பெக் என்று ஒரு வசதி இருந்தது. ஆர்டரோடு வரும் ஒரு ஃபிளாக், அதாவது ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் ஒரு குறி, 'யெஸ்' என்று இருந்தால் அந்த வசதி இயங்கும். 2003-இல் நைட் கேபிட்டல் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. நிறுத்தியது பயன்பாட்டை மட்டும்தான். நிரல் அப்படியே இருந்தது, அழைத்தால் ஓடக்கூடிய நிலையில்.

இதில் அந்த நேரத்தில் பெரிய ஆபத்து இருந்ததாகச் சொல்ல முடியாது. 2003-இல் யாராவது தெரியாமல் அந்த ஃபிளாக்கை ஏற்றியிருந்தால் பவர் பெக் எழுந்து, மூல ஆர்டரின் அளவு நிறையும் வரை வணிகம் செய்து, நின்றிருக்கும். எத்தனை பங்கு முடிந்தது என்று எண்ணும் பகுதி அப்போது பவர் பெக் நிரலிலேயே இருந்தது.

2005-இல் அந்த எண்ணும் பகுதியை ஸ்மார்ஸ் நிரல் வரிசையில் முன்பாக ஓரிடத்துக்கு நகர்த்தினார்கள். நகர்த்திய பிறகு, பவர் பெக்கை அழைத்தால் சரியாக ஓடுமா என்று சோதிக்கவில்லை. ஓடாது என்பதே உண்மை. அன்றிலிருந்து பவர் பெக் சிறு ஆர்டர்களை அனுப்பும், ஆனால் எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது.

இந்த வழக்கில் நான் அதிக நேரம் நின்று யோசித்த இடம் இதுதான். இரண்டு ஆண்டாகப் பயன்படாத ஒரு வசதியை, வேறு எதையோ நகர்த்தும்போது மறுபடி சோதிக்க யாருக்குத் தோன்றும்? திறமை குறைந்த குழு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முடிவுகளுமே எந்த அலுவலகத்திலும் சாதாரணமாக நடப்பவை: ஒரு வசதியை நிறுத்திவிட்டு நிரலை விட்டுவைப்பது, ஒரு செயல்பாட்டை இன்னொரு இடத்துக்கு மாற்றுவது. இரண்டும் சேர்ந்தபோது, அழைத்தால் நிற்காமல் ஓடும் ஒன்று உள்ளே உருவாகிவிட்டது. எந்தத் தனி நபரும் அதை உருவாக்கவில்லை. யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

அப்புறம் 2012. நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஆர்.எல்.பி. என்ற புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூலைத் தொடக்கத்தில் அனுமதி கிடைத்தது. ஆகஸ்ட் 1 அன்று தொடக்கம். தன் வாடிக்கையாளர்களும் அதில் பங்கேற்க வேண்டும் என்று நைட் கேபிட்டல் ஸ்மார்ஸில் புதிய நிரலை எழுதியது. பழைய பவர் பெக் இருந்த இடத்தில் இந்தப் புதிய நிரல் வர வேண்டும், பவர் பெக்கை நீக்கிவிட வேண்டும் என்பது திட்டம். கூடவே, பவர் பெக்கை எழுப்பிய அதே பழைய ஃபிளாக்கைப் புதிய வசதிக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஃபிளாக்கை ஏன் மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று வெளியே இருந்து கேட்பது எளிது. பொதுவாக, பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் செய்தி வடிவத்தில் புதிதாக ஒரு புலம், அதாவது ஒரு தகவலுக்கான தனி இடம், சேர்ப்பதென்றால் ஒவ்வோர் அமைப்பையும் தொட வேண்டும், ஒவ்வொரு குழுவிடமும் பேச வேண்டும். கையில் ஒரு மாதம்கூட இல்லாதபோது, சும்மா கிடக்கும் ஒரு ஃபிளாக் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் விளைவு என்ன? ஒரே 'யெஸ்' இப்போது நிரலின் பதிப்பைப் பொறுத்து இரண்டு பொருள் தருகிறது. புதிய நிரல் உள்ள சர்வரில் "ஆர்.எல்.பி.க்கு அனுப்பு". பழைய நிரல் உள்ள சர்வரில் "பவர் பெக்கை ஓட்டு".

ஜூலை 27 முதல் புதிய நிரலைச் சில சர்வர்களாக, படிப்படியாக ஏற்றினார்கள். அந்த வேலையில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் எட்டு சர்வர்களில் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை இல்லை. யாரும் சரிபார்க்கவும் இல்லை.

45 நிமிடம்

ஆகஸ்ட் 1 காலை 8:01-க்கு உள் அமைப்பு ஒன்று, ஸ்மார்ஸைக் குறிப்பிட்டு "பவர் பெக் டிஸேபிள்டு" (பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது) என்ற பிழைச் செய்தியோடு ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. 9:30-க்குச் சந்தை திறப்பதற்குள் 97 மின்னஞ்சல்கள் போயின. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை இல்லை. வந்த உடனே படிக்கும் பழக்கமும் அங்கே இல்லை.

சந்தை திறந்தது. ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவதற்குப் போன ஆர்டர்கள் பவர் பெக்கை எழுப்பின. எண்ணும் பகுதி அங்கே இல்லாததால், வாங்கிய பங்கையே மறுபடி மறுபடி வாங்கியது, விற்றதையே மறுபடி விற்றது. 212 சில்லறை மூல ஆர்டர்களை நிறைவேற்றப் போய், லட்சக்கணக்கான சிறு ஆர்டர்கள் சந்தைக்குச் சென்றன. 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 39.7 கோடி பங்குகள். முடிவில் 80 பங்குகளில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிய நிலையிலும், 74 பங்குகளில் சுமார் 315 கோடி டாலருக்குக் கையில் இல்லாமல் விற்ற நிலையிலும் நிறுவனம் நின்றது. அந்த நிலைகளை விடுவித்ததில் போனதுதான் 46 கோடி.

தடுப்புகள் இல்லாமலா இருந்தன? தவறாக வந்த பங்குகள் போய்ச் சேர்ந்த உள் கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. ஆனால் அந்த வரம்பைத் தாண்டினால் ஆர்டர்களை நிறுத்தும் தானியங்கிக் கட்டுப்பாட்டோடு அது இணைக்கப்படவில்லை. நிலைகளைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இருந்தது. அது முழுக்க மனிதர் பார்த்துக்கொண்டிருப்பதை நம்பியது.

இதற்கு நடுவில் தொழில்நுட்பக் குழு செய்த ஒரு காரியம்தான் கடனின் இயல்பை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்கே திரும்புவது. எல்லாக் குழுக்களும் முதலில் செய்வது இதைத்தான், பயிற்சியில் சொல்லித் தருவதும் இதைத்தான். ஆனால் ஆர்டர்களில் ஃபிளாக் இன்னமும் 'யெஸ்' என்று வந்துகொண்டிருந்தது. பழைய நிரலுக்குத் திரும்பிய சர்வர்களிலும் இப்போது பவர் பெக் ஓடத் தொடங்கியது. ஒரு சர்வரின் பிரச்சினை மற்றவற்றுக்கும் பரவியது.

ரோல்பேக் என்பதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நேற்று வரை ஓடியது இன்றும் பத்திரமாக ஓடும். பவர் பெக் உள்ளே இருந்தவரை, ஃபிளாக்கின் பொருள் மாறிய அந்தக் காலையில், அந்த நம்பிக்கை செல்லாமல் போனது. பின்வாங்கும் பாதையை அந்தக் கடன் முன்கூட்டியே அடைத்துவைத்திருந்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக. இரண்டு நாளில் நிறுவனத்தின் பங்கு விலை முக்கால்வாசி விழுந்தது. ஜெஃப்ரீஸ் என்ற முதலீட்டு வங்கியின் தலைமையிலான முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்கள். 2013-இல் கெட்கோ நிறுவனத்தோடு இணைந்து கே.சி.ஜி. ஆனது, 2017-இல் அதை வெர்ச்சு என்ற நிறுவனம் வாங்கியது. எஸ்.இ.சி. 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. தரகர்கள் சந்தைக்குள் நுழையும் முன் ஆபத்துக் கட்டுப்பாடுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியின் கீழ் அது எடுத்த முதல் நடவடிக்கை அது.

இது கடனா, கவனக்குறைவா?

இந்த வழக்கைத் தொழில்நுட்பக் கடன் என்று சொல்லும்போது வரும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஒருவர் சர்வரை விட்டுவிட்டார், இன்னொருவர் சரிபார்க்கவில்லை, மின்னஞ்சலைப் படிக்கவில்லை, வரம்பு இணைக்கப்படவில்லை. இவை நிர்வாகக் குறைகள். கடன் என்ற வார்த்தையை எல்லாவற்றுக்கும் நீட்டினால் அதற்குப் பொருளே இல்லாமல் போகும் என்பது வாதம். எஸ்.இ.சி.யின் ஆணையும் பெரும்பகுதி கட்டுப்பாடுகளைப் பற்றித்தான் பேசுகிறது. 2011 அக்டோபரில், வார இறுதிச் சோதனைக்குப் பயன்படுத்திய சோதனைத் தரவு திங்கட்கிழமை வணிகத்திலும் தொடர்ந்ததால் இதே நிறுவனம் கிட்டத்தட்ட 75 லட்சம் டாலர் இழந்ததையும் அது சுட்டிக்காட்டுகிறது. அப்போது அந்தக் குறிப்பிட்ட ஓட்டையை அடைத்தார்கள், அதே மாதிரி வேறு எங்கே இருக்கிறது என்று தேடவில்லை.

மறுப்பை ஏற்றுக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறேன். 2003-இல் பவர் பெக்கை நீக்கியிருந்தால், 2012-இல் அதே மறதி என்ன செய்திருக்கும்? எட்டாவது சர்வரில் அந்த ஃபிளாக்குக்குப் பொருளே இருந்திருக்காது. அந்த சர்வருக்குப் போன ஆர்டர்கள் ஆர்.எல்.பி.யில் பங்கேற்காமல் போயிருக்கும். சில வாடிக்கையாளர்கள் புகார் சொல்லியிருப்பார்கள். மதியத்துக்குள் யாராவது கண்டுபிடித்துச் சரி செய்திருப்பார்கள். மறதி அதேதான். விளைவு வேறு. மனிதர் மறப்பது எந்த நாளிலும் நடக்கும்; ஒரு மறதி எவ்வளவு தூரம் போய் அடிக்கும் என்பதை நிரலின் நிலை தீர்மானிக்கிறது. அந்தத் தூரத்தைத்தான் நான் இங்கே கடன் என்கிறேன்.

வரையறைக்கு வருவோம்

மென்பொருளுக்குக் கடன் உவமையை முதலில் எழுதிவைத்தவர் வார்ட் கன்னிங்ஹாம், 1992-இல் ஊப்ஸ்லா என்ற நிரலாக்க மாநாட்டுக்கு அளித்த அனுபவ அறிக்கையில். பின்னாளில் விக்கியை உருவாக்கியவரும் அவரே. ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியில் எழுதிய வைகேஷ் என்ற நிதி மேலாண்மை மென்பொருளைப் பற்றிய அறிக்கை அது. முதல் முறை எழுதிய நிரலை வெளியிடுவது கடன் வாங்குவது மாதிரி. சீக்கிரம் திருத்தி எழுதித் திருப்பிக் கட்டினால் கொஞ்சம் கடன் வேலையை வேகப்படுத்தும். முழுச் சரியாக இல்லாத நிரலோடு செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் வட்டி. இதுதான் அவர் சொன்னதின் சாரம். 2009-இல் ஒரு காணொளியில் அவர் இன்னொன்றையும் தெளிவுபடுத்தினார்: மோசமாக எழுதலாம் என்று தான் ஒருபோதும் சொல்லவில்லை, எழுதும் நேரத்தில் நமக்கு இருக்கும் புரிதலை நிரல் காட்ட வேண்டும், புரிதல் வளரும்போது நிரலும் கூடவே மாற வேண்டும் என்றார். அந்தத் தெளிவுரை பலரைச் சென்றடையவில்லை என்பது என் வருத்தம். இன்றைக்குக் கடன் என்றால் அசிங்கமான நிரல் என்றே பெரும்பாலும் புழங்குகிறது.

அதே 2009-இல் மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் கடனை நான்கு கட்டங்களில் வைத்தார்: தெரிந்து வாங்கியதா, தெரியாமல் சேர்ந்ததா என்பது ஒரு பக்கம்; யோசித்துச் செய்ததா, பொறுப்பில்லாமல் செய்ததா என்பது மறுபக்கம். பேச்சைத் தொடங்க நல்ல கருவி. ஆனால் பவர் பெக்கை எந்தக் கட்டத்தில் வைப்பது? 2003-இல் விட்டுவைத்தது தெரிந்தே நடந்தது. 2005-இல் ஆபத்தானது தெரியாமல் நடந்தது. 2012-இல் ஃபிளாக்கை எடுத்துக்கொண்டது மறுபடி தெரிந்தே. ஒரே கடன் மூன்று முறை கை மாறியிருக்கிறது. வாங்கிய கணத்தை மட்டும் பார்க்கும் எந்த வகைப்பாட்டிலும் இது சிக்காது.

எனக்கு மிகவும் உதவிய வரையறை 2016 ஏப்ரலில் ஜெர்மனியின் டாக்ஸ்டூலில் ஆய்வாளர்களும் துறையினரும் கூடி எழுதியது. குறுகிய காலத்துக்கு வசதியாக இருந்து, பிறகு வரும் மாற்றங்களைச் செலவு மிக்கதாகவோ இயலாததாகவோ ஆக்கும் வடிவமைப்பு அல்லது நிரல் அமைப்புகளின் தொகுப்பே தொழில்நுட்பக் கடன் என்கிறது அது. அடுத்த வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது: இந்தப் பொறுப்பு நடப்பில் உள்ளதாகவும் இருக்கலாம், ஏதாவது நடந்தால் மட்டும் வந்து சேர்வதாகவும் இருக்கலாம்.

ஏதாவது நடந்தால் மட்டும் வந்து சேர்வது. நம் ஊரில் இதைப் புரியவைக்கப் பெரிய பாடம் தேவையில்லை. உறவினர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு மாதத் தவணை கிடையாது, வட்டி கிடையாது, பாஸ்புக்கில் ஒரு வரியும் கிடையாது. போட்டதே மறந்துபோகும். கடன் வாங்கியவர் கைவிரிக்கும் நாளில் முழுத் தொகைக்கும் நோட்டீஸ் வரும். பவர் பெக் ஜாமீன் கையெழுத்து வகைக் கடன். தவணை கட்டும் கடன்களுக்காகச் செய்த அளவுகோல்களில் அது பூஜ்யமாகவே தெரியும்.

அளவுகோல்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குழுக்கள் இப்போது கடனை எண்ணாகப் பார்க்கின்றன. சோனார்க்யூப் போன்ற கருவிகள் நிரலைப் படித்து, கண்ட குறைகளைச் சரி செய்ய எத்தனை நிமிடம் ஆகும் என்று கூட்டி, அதையே தொழில்நுட்பக் கடன் என்று காட்டுகின்றன. நீளமான செயற்கூறு, திரும்பத் திரும்ப வரும் துண்டுகள், சிக்கலான நிபந்தனைகள் எல்லாம் அதில் வரும். உபயோகமான எண்தான். ஆனால் பவர் பெக்கைப் போன்ற ஒன்று அதில் எங்கே நிற்கும்? ஃபிளாக் வந்தால் ஓடும் நிரல் என்பதால், செத்த நிரல் (எங்கிருந்தும் அழைக்கப்படாத நிரல்) என்றுகூடக் கருவி அதைச் சொல்லாது. அழைக்கும் பாதை இருக்கிறதே. நீக்கும் வேலையோ, முழு ரவுட்டரைத் திருத்தி எழுதுவதோடு ஒப்பிட்டால் சின்னது. சரி செய்யும் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அது கடைசி வரிசையில் போய் உட்காரும். சரி செய்ய ஆகும் செலவும், சரி செய்யாவிட்டால் வரும் செலவும் இரண்டு தனி எண்கள். இரண்டாவதை எந்தக் கருவியும் நிரலை மட்டும் படித்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அது அந்த நிரல் எதன் மேல் கை வைக்கிறது என்பதைப் பொறுத்தது.

டாக்ஸ்டூல் வரையறையோடு எனக்கு ஓர் இடத்தில் ஒத்துவரவில்லை. கடனின் பாதிப்பு அமைப்பின் உள் தரங்களோடு, முக்கியமாகப் பராமரிப்பும் வளர்ச்சியும் எவ்வளவு எளிது என்பதோடு, நின்றுவிடும் என்கிறது அது. குறைபாடுகளையும் கடனையும் போட்டுக் குழப்பக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் நைட் கேபிட்டலில் பவர் பெக் எந்தப் பயனாளிக்கும் தெரியும் பிழையாக ஒன்பது ஆண்டு இருக்கவில்லை. அதை மீறி, ஒரு மாற்றம் வந்த நாளில் அது நேராகப் பணத்தில் போய்த் தொட்டது. பராமரிப்புச் சிரமம் என்ற வேலிக்குள் கடனை நிறுத்திவைத்தால், முதலாளிகள் அதை எப்போதும் புரோகிராமர்களின் சொந்த வசதிக் குறைவாகவே கேட்டுக்கொள்வார்கள்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

நடைமுறையில், கடன் பட்டியல் வைத்திருக்கும் குழுக்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. ஒவ்வொரு பதிவிலும் "எவ்வளவு மோசம்", "எத்தனை நாள் வேலை" என்பதோடு, எந்த மாதிரியான மாற்றம் வந்தால் இது எழும் என்பதையும் எழுத வேண்டும். அது எழுந்தால் பணத்துக்கோ மனிதருக்கோ போய்ச் சேரும் முன் நடுவில் எது தடுக்கும், அந்தத் தடுப்பு தானாக இயங்குமா, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்பதும் வேண்டும். இதைப் பற்றித் தெரிந்தவர் இன்னும் குழுவில் இருக்கிறாரா என்பது மூன்றாவது. பவர் பெக்குக்கு இப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், "இந்த ஃபிளாக்கை யாராவது மறுபடி பயன்படுத்தினால்" என்ற ஒரு வரி போதும். 2012 ஜூலையில் ஃபிளாக் தேடியவர் கண்ணில் அது பட்டிருக்கும்.

ஒரு வசதியை நிறுத்தும் வேலை, அதன் நிரல் நீங்கும் வரை முடிந்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. உடனே நீக்க முடியாத சூழ்நிலை உண்டு: ஒப்பந்தம், பழைய வாடிக்கையாளர், தணிக்கை. அப்போது நுழைவாயிலிலேயே ஒரு வரி போட்டுவிடலாம்: இது அழைக்கப்பட்டால் ஆர்டரை நிராகரித்து, வேலையை நிறுத்தி, ஆளை எழுப்பு. ஓய்வு கொடுத்த ஃபிளாக்குக்குப் புதிய பொருள் கொடுக்கவே கூடாது. புதிய புலம் சேர்க்க ஆகும் சலிப்பான ஒரு வாரத்தைச் செலவழிக்கத்தான் வேண்டும். ரோல்பேக் திட்டம் எழுதும்போது, பழைய நிரல் இன்றைய தரவோடு எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் இதில் சேரும்.

இதையெல்லாம் கேட்கும் மேலாளர் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது ஏன் தொட வேண்டும்?" அந்தக் கேள்வியை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பதில் 2005-இல் இருக்கிறது. பவர் பெக்கை அந்த ஆண்டில் யாரும் தொடவில்லை. பக்கத்தில் இருந்த ஒன்றைத்தான் தொட்டார்கள். தொடாமல் விட்ட நிரல் அப்படியே இருப்பதாகத் தோன்றினாலும், அதைச் சுற்றியுள்ளவை ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறுகின்றன, அதை எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள், அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைகிறார்கள். 2003-இல் அதை நீக்குவது, அதை நன்றாக அறிந்தவர்கள் கூடவே இருக்கும்போது செய்யும் வேலையாக இருந்திருக்கும். 2012-இல் அதே வேலையை ஒரு மாத அவகாசத்தில், புதிய வசதி ஒன்றை எழுதுவதோடு சேர்த்துச் செய்தார்கள். எட்டில் ஏழு சர்வர்களில் சரியாகவும் செய்து முடித்தார்கள்.